எழுபது வார்த்தை அதிகம்

"இந்தப் பொண்ணை எடுத்துடலாம் தர்ஷினி. இவளால கட்டுரைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல," என்றாள் வீணா, கம்ப்யூட்டர் திரையைப் பேனாவால் தட்டி.

எதிரில் உட்கார்ந்திருந்த தர்ஷினி துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் அந்த மல்லேஸ்வரம் ஆஃபீஸுக்கு வருகிற பிள்ளைகள் எம்.எஸ்., எம்.பி.ஏ. என்றுதான் ஆரம்பிப்பார்கள். வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிற தர்ஷினி மட்டும், இனப் பாகுபாடும் சமூக நீதியும் என்று ஒரு முதுகலைப் படிப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இங்கிலாந்தில். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரே ஒரு முழு ஸ்காலர்ஷிப். அது கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் டெஸ்டிங்தான் கதி. விண்ணப்பக் கட்டுரையைச் சாயங்காலம் ஐந்தரைக்குள் அனுப்பியாக வேண்டும். இப்போது மணி நாலே முக்கால்.

"ஆயிரம் வார்த்தைக்கு மேல ஒண்ணு போனாலும் அந்த வெப்சைட் வாங்காது. எழுபது வார்த்தை அதிகமா இருக்கு. இந்தப் பொண்ணு வர்ற பத்தியும் கணக்கா எழுபதுதான். தூக்கிட்டா வேலை முடிஞ்சது."

"அவ இருக்கட்டும் மேடம். வேற எதையாவது வெட்டுங்க."

"வேற எதைம்மா? உங்க அம்மாவோட முழங்கால் வலியையா?"

கட்டுரையில் இருந்த சம்பவம் சின்னதுதான். தர்ஷினியின் அம்மா சின்னத்தாயி ஒரு பெரிய அபார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்கிறவள். ஒரு நாள் மத்தியானம், வேலையாட்கள் போகும் சர்வீஸ் லிஃப்ட் ஓடவில்லை. முழங்கால் வலியோடு எட்டு மாடி ஏற முடியாமல், குடியிருப்பவர்களின் லிஃப்டில் பக்கெட்டும் துடைப்பமுமாக ஏறிவிட்டாள். உள்ளே இருந்த ஒரு அம்மாள், "இது உங்களுக்கு இல்லன்னு தெரியாதா? இறங்கு," என்றாள். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. சின்னத்தாயி மறுபேச்சு பேசாமல் இறங்கி, மீதி ஐந்து மாடியையும் படியேறிப் போனாள்.

"இது போதும்மா. நடுவுல எதுக்கு இவ? கழுத்துல ஆஃபீஸ் டேக், கையில கேக் டப்பா, லிஃப்டுல ஒரு மூலையில போனைப் பார்த்துக்கிட்டு சும்மா நிக்கிறா."

தர்ஷினி இன்னும் கொஞ்சம் தலை குனிந்தாள். அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வீணாவுக்குப் பாவமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா பாத்திரம் தேய்க்கிறார் என்று எழுதச் சொன்னால் கூனிக் குறுகிப் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது.

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு? அம்மா உழைச்சுதானே உன்னைப் படிக்க வெச்சாங்க? நிமிர்ந்து உட்காரு முதல்ல."

"அதுக்கில்ல மேடம்."

"சரி, அவ இருந்தே ஆகணும்னா ஏதாவது செய்ய வை. பக்கெட்டை வாங்கிப் பிடிச்சான்னு எழுது. இல்ல, 'ஏன் இறங்கச் சொல்றீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டான்னு எழுது. படிக்கிறவங்களுக்கும் மனசு ஆறும்."

"அவ கேக்கல மேடம்."

"கேட்டதா எழுதினா யாரு வந்து விசாரிக்கப் போறா?"

"வேண்டாம் மேடம். அவளை நல்லவளா ஆக்காதீங்க." தர்ஷினி சட்டென்று நிமிர்ந்தாள்.

வீணா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தாள். "விரட்டின பொம்பளையைப் பத்தி ரெண்டே வரி எழுதியிருக்கே. வாயே திறக்காதவ மேல இவ்ளோ ஆத்திரமா?"

"திறந்திருக்கலாமே மேடம்."

இந்தப் பெண்ணிடம் இதற்கு மேல் வாதாடினால் ஐந்தரை ஆகிவிடும். வீணா அலுத்துக்கொண்டே முதல் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட மெடல், கட்டுரைப் போட்டிப் பரிசு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினாள். கணக்கு சரியாக வந்தது. கட்டுரை வெப்சைட்டில் ஏறியது. உடனே திரையில் இன்னொரு கட்டம் முளைத்தது.

"இது ஒண்ணு பாக்கி. 'நீங்கள் எழுதிய சம்பவத்தில் உங்கள் இடம் என்ன?'ன்னு கேக்கறாங்க. அடுத்தவங்க கஷ்டத்தை எங்க நின்னு பார்த்தோம்னு சொல்லணும். இந்தப் படிப்புல அதுதான் அவங்களுக்கு முக்கியம்." வீணா டைப் அடிக்கத் தயாரானாள். "நான் அங்க இல்ல, அம்மா சொல்லித்தான் தெரியும்னு போட்டுடறேன். சரியா?"

"அம்மா சொல்லல."

"என்னது?"

"அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து எப்பவும்போல சமைச்சுப் போட்டாங்க. முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டாங்க. ஒரு வருஷமாச்சு, அதைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசல."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

தர்ஷினி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது என் அம்மான்னு, லிஃப்டுல என்னோட வந்த ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரிஞ்சுடக் கூடாதேன்னுதான் மேடம் நான் போனைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அம்மாவும் என்னை யாரோ மாதிரி பார்த்துட்டு, ஒண்ணுமே சொல்லாம இறங்கிட்டாங்க."