ஹாரன் அடித்ததும் சொருகவும்

வீட்டு வண்டிகளில் ஊர் சுற்றும் முகாம்காரர்களின் இணையக் குழுவில் ஒரு பிளக் பாயிண்டின் படம் வந்திருந்தது. அதன் ஓரத்தில் முயல் காது வடிவத்தில் பழைய கருகல் தடம். கீழே ஒரு கேள்வி: ‘எங்கள் மோட்டார் ஹோமில் விளக்கெல்லாம் எரிகிறது. சமையலறை பிளக் பாயிண்டுகளில் மட்டும் கரண்ட் இல்லை. அரிசோனா முகாமில் இருக்கிறோம். யாராவது உதவ முடியுமா?’

வெண்டல் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கை வீட்டு சோபா. ஐந்து வாரமாக அதில் படுத்து முதுகு போயிருந்தது. இப்படி ஒரு படத்துக்காகத்தான் தினமும் அந்தக் குழுவை மேய்ந்துகொண்டிருந்தார்.

‘பக்கத்தில்தான் இருக்கிறேன். இலவசமாகவே பார்த்துத் தருகிறேன்’ என்று பதில் போட்டார். பக்கம் என்பது நூற்று எண்பது மைல்.

மறுநாள் காலை, அரிசோனா பாலைவனத்தில் இருந்த அந்த முகாமின் வாசலில் தங்கை அவரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். கையில் டூல்ஸ் பெட்டியோடு வெண்டல் நடந்தார். முப்பதடி நீள வண்டி. பக்கவாட்டில் புத்தம்புதிய கழுகு ஸ்டிக்கர்.

“நாளைக்குக் காலைல ஒருத்தர் வண்டியை வாங்க வர்றார், பெரியவரே. காபி மெஷின் ஓடலன்னா விலையைக் குறைச்சிருவார்” என்றான் கேள்வி போட்டிருந்த ராய். “ஏழு வருஷமா புள்ள மாதிரி வச்சிருந்தோம்.”

“விக்க மனசே வரல” என்று அவன் மனைவி டார்லீன் கண்ணைத் துடைத்தாள்.

நாளை. இன்று விட்டால் வண்டி கைக்கு எட்டாது. மறுபடியும் சோபாதான்.

உள்ளே போய்ப் பார்த்தார். இந்த ரக வண்டிகளில் வழக்கமாக வரும் கோளாறுதான். குளியலறை அலமாரியில், துண்டுகளுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புப் பொத்தான் உண்டு. ஹேர் டிரையர் போட்டால் அது தெறித்துக்கொள்ளும். சமையலறைக் கரண்டும் அதோடு நின்றுவிடும். ஒரு விரலால் அழுத்தினால் போதும்.

வெண்டல் அழுத்தவில்லை.

“சிக்கலான கேஸ்” என்றார் வெளியே வந்து. “ஒவ்வொண்ணா பார்க்கணும். முதல்ல முகாம் கரண்ட் பெட்டியிலேர்ந்து வண்டிக்கு வர்ற ஒயரை ரெண்டு பக்கமும் கழட்டுங்க.”

ராய் கழற்றினான்.

“தண்ணிக் குழாயையும். பாயிண்டுக்குள்ள ஈரம் இறங்குதான்னு பார்க்கணும். அப்படியே கழிவுக் குழாயும்.”

“கக்கூஸ் குழாய்க்கும் கரண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“நீங்க எலக்ட்ரீஷியனா, நான் எலக்ட்ரீஷியனா?”

ராய் முகத்தைச் சுளித்தபடி கையுறை மாட்டினான்.

“அம்மா, உள்ள இடம் பெரிசாக வெளியே நீட்டியிருக்கிற அந்தச் சுவரை உள்ள இழுங்க. பின்னால ஒயர் நசுங்கியிருக்கும்.”

டார்லீன் ஒரு பொத்தானை அழுத்தினாள். கூரை விசிறி சுற்றியது. இன்னொன்றை அழுத்தினாள். படிக்கட்டு மடங்கியது.

“எப்பவும் இவர்தான் பண்ணுவார்” என்றாள்.

“எப்பவும் இவதான் பண்ணுவா” என்றான் ராய், அதே நொடியில்.

மூன்றாவது பொத்தானுக்குச் சுவர் உள்ளே போனது. பிறகு வெயில்துணியைச் சுருட்டினார்கள். எர்த் பார்க்க வேண்டும் என்று வெண்டல் சொன்னதால் வண்டி ஆடாமல் ஊன்றியிருந்த ஜாக்கிக் கால்களையும் தூக்கினார்கள்.

பக்கத்து வண்டிக்கார மர்லா, மடியில் நாய்க்குட்டியோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன, அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?”

“இல்லைங்க. பிளக் பாயிண்ட் ரிப்பேர்” என்றான் ராய்.

“அப்படியா? எங்க வீட்டுக்காரர் ஊர் கிளம்பும்போது இதையேதான் செய்வார். இதே வரிசையில.”

வெண்டலுக்கு வியர்த்தது. “உங்க வீட்டுக்காரர் நல்ல எலக்ட்ரீஷியனா வந்திருக்க வேண்டியவர்ம்மா” என்றார்.

கடைசிச் சோதனை. ஒயரின் ஒரு முனையை ராயின் கையில் கொடுத்து, முகாமின் கரண்ட் பெட்டி அருகே நிறுத்தினார். “இந்த முனையை நான் வண்டில மாட்டிக்கிறேன். ஹாரன் அடிச்சதும் நீங்க அங்க சொருகுங்க. அம்மா, பொறி வருதான்னு பெட்டியையே பாருங்க. கண்ணை எடுக்கக் கூடாது.”

இருவரும் பெட்டியையே பார்த்தார்கள்.

எஞ்சின் உறுமியது.

“கரண்ட் பார்க்க எஞ்சின் எதுக்கு?” என்றாள் டார்லீன், கண்ணை எடுக்காமல்.

“அவர் எலக்ட்ரீஷியன். பேசாம இரு.”

ஹாரன் அடித்தது. ராய் சொருகினான். பொறி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒயரின் மறுமுனை சரளைக் கல்லில் கிடந்தது. முகாம் வாசலில் கழுகு ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி! திருட்டுப் பயலே!” என்று அலறினான் ராய்.

மர்லா போனை எடுத்தாள். “இருங்க, போலீஸைக் கூப்பிடறேன்.”

“வேண்டாம்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ராய் பேண்ட் பையைத் தடவிப் பார்த்தான். “சாவி எங்கிட்டதானே இருக்கு? அப்புறம் எப்படி ஓட்டிட்டுப் போறான்?”

வண்டி வாங்கும்போது சாவி இரண்டு கொடுப்பார்கள். ராயிடம் இருந்தது, ஐந்து வாரத்துக்கு முன் பெட்ரோல் பங்கில் டோனட் வாங்க இறங்கிய அவசரத்தில் வெண்டல் தன் வண்டியிலேயே விட்டுப்போனது.