நிர்வாகியைக் கேளுங்கள்

“வீடு உன்ட. வளவு உன்ட. கிணறும் உன்ட. நான் சீதன ஊட்டுக்கு வந்த மாப்பிள்ள,” என்றார் மக்கீன், கணினியைத் தட்டிக்கொண்டே. “இதுக்குள்ள மட்டும் நான் ராசாவா இருந்துட்டுப் போறன்.”

அன்று பின்னேரம் அவர் அதில் இரண்டு கணக்குகள் திறந்தார். நிர்வாகி கணக்கு தனக்கு. மனைவி சுல்பிகாவுக்கு உரிமை குறைந்த கணக்கு: கலியாண அழைப்புக் காட் வடிவமைக்கலாம், அச்சடிக்கலாம். புதிதாக எதையும் ஏற்ற முடியாது, மணிக்கூட்டைக்கூடத் தொட முடியாது.

“ஏன், நான் என்னத்தக் கெடுத்துப்போட்டன்?”

“போன கிழம ஒரு மாப்பிள்ளட பேர அழிச்சது ஆரு?”

“அது அந்தப் பொண்ணுக்குச் செஞ்ச உதவி,” என்றாள் சுல்பிகா.

மறுநாள் காலை மக்கீன் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனார். சற்று நேரத்தில் கடல் எழும்பிச் சாய்ந்தமருது ஊருக்குள் வந்தது. கணினி மேல்மாடியில் இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சண்டை முடிந்த வருடம் ஊரில் கலியாணங்கள் கூடின. காட் அடித்துத்தான் சுல்பிகா இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தாள். பழைய அச்சுப்பொறி பழுதாகி, புதிது வாங்கினாள். அது வேலை செய்வதென்றால் முதலில் கணினியைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போனால் திரைக்குக் குறுக்கே ஒரு பெட்டி வந்து நின்றது: உங்களுக்கு உரிமை இல்லை, நிர்வாகியைக் கேளுங்கள்.

அந்தப் பெட்டி அவளுக்குப் புதிதல்ல. இத்தனை வருடமும் ‘பிறகு’ என்று அமத்திவிட்டு வேலையைப் பார்த்தாள். இந்த முறை அது நடக்கவில்லை. மருதமுனையிலிருந்து ஒருவர் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கலியாணக் காட் எடுக்க வருவார். இல்லையென்றால் வேறு கடைக்குப் போவார். அவருக்குப் பின்னால் அவருடைய சொந்தக்காரர் எல்லாரும் போவார்கள்.

கல்முனையில் கணினி திருத்தும் றினாஸைக் கூப்பிட்டாள்.

“லுஹருக்கு இன்னும் நேரம் கிடக்கு. ஆறுதலாப் பாரு,” என்றாள், திரையின் மூலையில் மணியைப் பார்த்து.

“பாஸ்வேர்ட் வேணும் ராத்தா.”

“அது அவர்ட கணக்கு தம்பி.”

மக்கீன் கடலோடு போய் மௌத்தானது றினாஸுக்குத் தெரியும். மேலே கேட்காமல் ஊகித்துப் பார்த்தான்.

“உங்கட பேர அடிச்சன். சரிவரல்ல.”

“அவர் அவ்வளவு பாசக்காரன் இல்ல.”

“மகள்ற பேர்?”

“அதுல எழுத்துப்பிழை விடுவார்.”

“அப்ப அவருக்கு என்னதான் விருப்பம்?”

“சூடை மீன் பொரியல்.”

றினாஸ் அதையும் அடித்துப் பார்த்தான். பிறகு கையை எடுத்தான். “எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடுவம். கெதியா முடிஞ்சிரும்.”

சுல்பிகாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. “அவர்ட கணக்கும் போயிருமா?”

“போயிரும்.”

“அப்ப வேணாம். காட் போனாப் போகட்டும்.”

பள்ளிவாசலில் லுஹர் பாங்கு கேட்டது. புறப்பட எழும்பிய றினாஸ் திரையின் மூலையைப் பார்த்தான். மணி சரியாக இருந்தது. திரும்பவும் உட்கார்ந்தான்.

“ராத்தா, கடல் வந்த பொறகுதானே அரசாங்கம் நாட்டு நேரத்த அரை மணித்தியாலம் பின்னுக்கு வெச்ச? உங்கட கணக்கால மணிய மாத்த ஏலாது. நிர்வாகி உள்ள வந்துதான் மாத்தியிருக்கோணும்.”

சுல்பிகா முக்காட்டை இழுத்துவிட்டாள். “நோம்பு வரப்போன நேரம். மணி பிழைச்சா என்ன செய்யிற?”

றினாஸ் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான்.

“கொஞ்சம் அங்கால திரும்பு,” என்றாள்.

அவன் சுவரைப் பார்த்தான். விசைகள் தயங்காமல் ஒலித்தன. கணினி உள்ளே விட்டது. புதுப்பிப்பு ஓடி முடிந்து, அச்சுப்பொறியிலிருந்து முதல் காட் வெளியே வந்தது.

“பாஸ்வேர்டத் தெரிஞ்சுகொண்டா என்னச் சூடை மீனெல்லாம் அடிக்க வெச்சீங்க?”

“அவரக் கரைச்சல்படுத்தாம வேற வழி இருக்கா எண்டு பாத்தன்.”

“சரி, இருங்க. உங்கட கணக்குக்கே எல்லா உரிமையையும் தாறன். அடுத்த புதுப்பிப்பு வரக்குள்ள அந்தப் பெட்டி வந்து நிக்காது.”

சுல்பிகா மக்கீனின் கணக்கை மூடிவிட்டுத் தன் கணக்குக்குள் வந்தாள்.

“வேணாம் தம்பி. அவரக் கேட்டுச் செய்யுங்க எண்டு சொல்ற ஆள் இந்த ஊர்ல இப்ப அந்தப் பெட்டி ஒண்டுதான்.”