தலைவரின் ஜீப்புக்கு புஷ்

"தலைவரே, நீங்க ஆத்துப் பாலம் ஏறும்போதே இங்க சத்தம் கேட்டுச்சு!" என்று சிரித்தாள், காகமேகா சந்தையில் உதிரிபாகக் கடை வைத்திருந்த நெக்கேசா.

ஊர்த்தலைவர் மகோகா தன் பழைய ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"கிண்டல் பண்ணாதம்மா. ஸ்பிரிங் பட்டைக்கு ரப்பர் புஷ் வந்துச்சா? இந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டே ஊர்ல தப்புப் பண்றவனெல்லாம் உஷாராயிடுறான், ஒருத்தனையும் பிடிக்க முடியல. என் உத்தியோகமே போயிரும் போல."

"இந்தக் கிழட்டு வண்டிக்கு எவன் புஷ் செய்றான்? நைரோபிக்குச் சொல்லிவிட்டிருக்கேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே!"

"அடுத்த வாரம் வாங்க, கண்டிப்பா வந்துரும்."

தலைவர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். கீச்சுச் சத்தம் சோளக்காட்டைத் தாண்டித் தேய்ந்து மறைந்தது.

நெக்கேசா, மேசைக்கடியில் இருந்த புஷ் பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். பிறகு கொல்லைப்பக்கம் திரும்பிக் கணவனுக்குக் குரல் கொடுத்தாள்.

"போயிட்டாருய்யா! ஒளிச்சுவச்ச சாராயப் பானையை எடுத்து அடுப்புல ஏத்து!"