பாதி பன்

கணவன் செல்வின் முந்தின நாள் மாலை கொண்டுவந்த பாதி பன்னைத்தான் எமல்டா டீச்சர் பின்னப் பாடத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். “பாதியில பாதி கால். பெருக்குனா குறையும்” என்று அதை வெட்டப் போனாள்.

“வெட்டாதீங்க டீச்சர், நான் கூட்டிக் காட்டுறேன்” என்று மதுரிகா தன் டப்பாவிலிருந்த பாதி பன்னை எடுத்துவந்து பக்கத்தில் ஒட்டிவைத்தாள். கோணல் வெட்டு அப்படியே பொருந்தியது. வகுப்பு கைதட்டியது.

“யாரு வாங்கித் தந்தா?”

“நேத்து அம்மாவப் பாக்க வந்த மாமா.”

செர்ரி வழியில் விழுந்துவிட்டதாகச் செல்வின் சொல்லியிருந்தான். எமல்டாவின் பாதியில் அதன் குழி மட்டுமே இருந்தது. மதுரிகாவின் பாதியில் ஒட்டியிருந்த முழுச் செர்ரி இப்போது அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லவில்லை.