வாயாடி

எங்கள் வீட்டில் மகளுக்குப் பெயரே வாயாடிதான். ஆறு வயதுக்கு அறுபது வயதுப் பேச்சுப் பேசுவாள். அப்பேர்ப்பட்டவள் அன்று பல் டாக்டரின் நாற்காலியில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆ சொல்லு கண்ணு."

"ம்ஹும்."

"ஆன்ட்டி சும்மா பார்க்கத்தான் போறேன்."

"ம்ஹும்."

இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தார். நர்ஸ் ஒரு பொம்மை முதலையைக் கொண்டுவந்து அதற்குப் பல் தேய்த்துக் காட்டினார். முதலை நன்றாக ஒத்துழைத்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினேன்.

"எல்லாம் நீ குடுக்கற செல்லம். பசிக்குதுன்னா பிஸ்கெட், அழுதா ஜாம்..."

"வாரத்துல ரெண்டே ரெண்டு பிஸ்கெட்டுங்க."

"அந்த ரெண்டுதான் இப்படி வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கு!"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுகிற ரகமில்லை.

"எனக்குச் சர்க்கரை வியாதி டாக்டர். தெரிஞ்ச நாள்லேர்ந்து வீட்டுல சர்க்கரை டப்பாவையே தூக்கிட்டேன். 'சர்க்கரை நம் எதிரி'ன்னு சிவப்பு மையில எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். இவ்வளவு கட்டுப்பாடா அப்பன் ஒருத்தன் இருந்தும் பிள்ளைக்குச் சொத்தைன்னா, நான் என்ன செய்யறது?"

டாக்டரம்மா என் மனைவியின் போனை வாங்கி, காலையில் பிள்ளை பல் தேய்க்கும்போது அவள் எடுத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வலது பக்கம் பளிச்சுன்னு இருக்கு. இடது கடைவாய் மட்டும் போயிருக்கு. இது ரெண்டு பிஸ்கெட் செய்யற வேலை இல்லம்மா. தினமும் ஏதோ மிட்டாயை அந்தக் கன்னத்துல ஒதுக்கி வெச்சு, ரொம்ப நேரம் கரைய விடறா. எவ்வளவு தின்னாங்கறதை விட, எவ்வளவு நேரம் இனிப்பு பல்லு மேலயே கிடந்ததுங்கறதுதான் முக்கியம். சட்டுனு கடிச்சு முழுங்கியிருந்தாகூட இவ்வளவு ஆகியிருக்காது."

நான் அங்கிருந்த டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தேன். அது வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீர் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

"மிட்டாயா? வீட்டுல கிடையவே கிடையாதே டாக்டர்" என்றாள் என் மனைவி. "ஸ்கூல் விட்டதும் நேரா இவர்கூட ஸ்கூட்டர்ல ஏறி வந்துடுவா."

பேச்சு ஸ்கூட்டரில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. "ஊசி போடணும்னா போட்டுடுங்க டாக்டர்" என்றேன்.

ஊசி என்றதும் வாயாடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "உள்ள சீழ் வெச்சிருக்கும் போல. தள்ளிப்போட முடியாது. இப்ப வாயைத் திறக்கலைன்னா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் மயக்க மருந்து குடுத்துதான் பார்க்கணும்."

என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அந்த ரெண்டு பிஸ்கெட்டைக்கூட நான் குடுத்திருக்கக் கூடாது" என்றாள். நான் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். அதைக் கேட்டபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

நாற்காலியருகே குனிந்தேன். "வாயாடி, அப்பா சொன்னா கேப்பே இல்ல? வாயைத் திறடா கண்ணு."

என் காதைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"நீங்கதானேப்பா திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"நானா? எப்ப?"

"ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில இருக்கற டப்பாவிலேர்ந்து உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு எடுத்தீங்களே, அப்ப. 'கடிச்சா அம்மாவுக்குச் சத்தம் கேக்கும், கன்னத்துல ஒதுக்கிக்கோ'ன்னீங்க. 'டாக்டர்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதே, திறந்தா அப்பாவுக்கு தினம் ஊசிதான்'னும் சொன்னீங்க."

நான் சொன்னது என் சர்க்கரை டாக்டரை. ஆறு வயதுக்கு டாக்டர் என்றால் எல்லாரும் டாக்டர்தான், வாயைத் திறக்காதே என்றால் திறக்கக் கூடாதுதான். அந்த வலியோடு இரண்டு நாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"டாக்டர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "டாக்டர், அந்த மிட்டாய் என்னோடது. ஒதுக்கி வெச்சுக்கச் சொன்னதும் நான்தான். இவ அம்மா மேல ஒரு தப்பும் இல்லை."

நர்ஸ் முதலையின் வாயை மூடினார்.

என் மனைவி கையை மட்டும் நீட்டினாள். "ஸ்கூட்டர் சாவி."

கொடுத்தேன்.

"வாயாடி, அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. இனிமே நீ திறக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தாள். மெல்லக் கையை எடுத்துவிட்டு டாக்டரம்மாவிடம் கேட்டாள்:

"அப்பாவுக்குப் போடற ஊசியையும் எனக்கே போட்டுடறீங்களா, ஆன்ட்டி?"