பாலுக்கு உறை

காலையில் என் மகள் ஆதிரை பல் தேய்த்ததும் பிரஷ் பேசும். ஈறில் கசிந்த ரத்தத்தைப் பார்த்து "உறைவு சரி" என்றால் இட்லி. "உறைவு கூடுதல்" என்றால் முதலில் மாத்திரை. அந்த நாட்களில் அவள் என் சட்டையை விடவே மாட்டாள். ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை.

சட்டென்று உறையும் அந்த ரத்தம் அவள் அம்மா செவ்வந்தியிடமிருந்து வந்தது. பிரசவமான வாரத்திலேயே செவ்வந்தி இறந்துபோனாள். ஆதிரை கேட்டபோது, "ரத்தம் உறைஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

நேற்று என் அக்கா வந்திருந்தாள். கடைத் தயிர் அவளுக்கு ஆகாது. பாலைக் காய்ச்சி ஆறவைத்தாள்.

"தள்ளிக்க கண்ணு. பாலுக்கு உறை ஊத்தோணும்."

ஆதிரை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை! பால் செத்துரும்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சாகாது சாமி, தயிராகும். காலைல நீயே பாரு" என்றாள் அக்கா.

இன்று தயிர் கெட்டியாக இருந்தது. ஆதிரை அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பல் தேய்த்தாள். "உறைவு கூடுதல்" என்றது பிரஷ். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சாகமாட்டே. மாத்திரை போட்டா சரியாயிரும்" என்றேன்.

"அம்மா போடலையா?"

"அம்மாகிட்ட இந்த பிரஷ் இல்ல கண்ணு."

அவள் பிரஷைக் கழுவி என்னிடம் நீட்டினாள்.

"நீயும் தேய்ச்சுப் பாருப்பா."

தேய்த்தேன். "உறைவு சரி" என்றது.

அதன் பிறகுதான் சட்டையை விட்டாள்.