விலாசத்தில் இல்லாத ஃபோல்டர்

அப்டேட் முடிந்து எழுந்த மென்பொருள், தன் கருவிகள் இருக்கும் ஃபோல்டரைத் தேடியது. செட்டிங்ஸில் இருந்த விலாசம் சி டிரைவ். அங்கே எதுவும் இல்லை.

"இங்கே இருக்கேங்க" என்றது டி டிரைவிலிருந்து ஃபோல்டர். "போன வாரம் தமயந்தி மேடம்தான் என்னை இங்கே மாத்தினாங்க. நாலு வருஷக் கருவிகள் அத்தனையும் பத்திரமா இருக்கு."

"இருக்கலாம். ஆனா விலாசத்துல நீங்க இல்லையே."

"விலாசத்தை மாத்திக்கலாமே?"

"அது என் வேலை இல்லைங்க."

'ஃபோல்டரைக் காணவில்லை' என்று திரையில் சிவப்பாக எழுதியது மென்பொருள்.

புரோகிராம் எழுத உட்கார்ந்த தமயந்தி அதை ஆறு தடவை படித்தாள். பிறகு அலுத்துப்போய், சி டிரைவில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கினாள்.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றது மென்பொருள்.

காலி ஃபோல்டருக்குக் கூச்சமாக இருந்தது. "என்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

"அதனால என்ன? எல்லாத்தையும் நெட்டிலிருந்து புதுசா இறக்கிக்கலாம்."

கருவிகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. பாதி நிறைந்ததும் புது ஃபோல்டர் டி டிரைவை எட்டிப் பார்த்தது.

"அங்கே நிக்கிறவர் யாருங்க?"

"யாரோ. காலையிலிருந்து உங்க பேரைச் சொல்லிக்கிட்டு நிக்கிறார்."